உடைந்த பெட்டி தரும் சான்று

நுட்பமான கருவிகளை ஏற்றிச் செல்லும் அலுமினியத் தேனடைப் பெட்டியின் சுவர் பெரும்பாலும் காற்றுதான். மெல்லிய அலுமினியத் தாள்களில் கோடு கோடாகப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டவைத்து, அந்த அடுக்கை இரு பக்கமும் இழுத்தால், பசை படாத இடங்கள் திறந்து அறுகோண அறைகளாக விரிகின்றன. இந்த அடையின் இரு முகங்களிலும் தகடு ஒட்டினால் பலகை ஆகிவிடும். அடையின் கன அளவில் உலோகம் சில விழுக்காடே. ஆனாலும் அதே எடையுள்ள வெறும் தகட்டைவிட இந்தப் பலகை பல மடங்கு விறைப்பானது. வளைக்க வரும் விசையை முகத் தகடுகள் இரண்டும் ஏற்றுக்கொள்கின்றன; அவற்றை ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கச் செய்வது அடையின் வேலை. விமானத்தின் தரைப்பலகை முதல் செயற்கைக்கோளின் உடல் வரை இதே அமைப்பைக் காணலாம்.

பெட்டிக்குள் கருவியைத் தாங்கும் இடங்களில் அடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது நசுங்க வேண்டும். அறைகளின் நீளவாக்கில் அடி விழும்போது முதலில் அடை முரண்டு பிடிக்கும். விசை ஓர் உச்சத்தைத் தொடும். பிறகு அறைச் சுவர்கள் மடிப்பு மடிப்பாக மடியத் தொடங்கும். அப்படி மடியும் நேரம் முழுவதும் விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. தடிமனில் சுமார் 70 விழுக்காடு மடிந்த பின் மடிவதற்கு இடம் தீர்ந்து, அடை கெட்டியாகி, விசை மறுபடி எகிறும். முதல் உச்சம் கருவிக்கு ஆகாது. அதனால் பொருத்துவதற்கு முன்பே அடையைச் சற்று நசுக்கி வைப்பது வழக்கம். கணக்கு எளிது. 122 செ.மீ. உயரத்திலிருந்து விழும் கருவியை 4 செ.மீ. நசுங்கலில் நிறுத்தினால் அது உணரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல 30 மடங்கு, அதாவது 30 ஜி. கெட்டித் தரையில் 2 மி.மீ. தொலைவுக்குள் நின்றால் அதே வீழ்ச்சி 600 ஜி-யைத் தாண்டிவிடும். பல நுண்கருவிகளுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உயிர் இருக்கிறது.

ரப்பரும் நுரையும் அமுங்கி மீளும். அலுமினியம் மடிந்தால் மடிந்ததுதான். ஆகவே ஒரு பெட்டி கருவியைக் காக்குமா என்று பார்க்க வேண்டுமானால் அதைக் கெடுத்துத்தான் பார்க்க வேண்டும். சோதித்த பெட்டியை அனுப்ப முடியாது. அனுப்பும் பெட்டியைச் சோதித்திருக்க முடியாது. பொறியாளர்களுக்கு இது அன்றாட நடைமுறை. தத்துவத்தில் இதற்குள் இரண்டு பழைய கேள்விகள் இருக்கின்றன. இன்னும் வெளிப்படாத ஆற்றல் ஒரு பொருளில் இருக்கிறது என்று சொன்னால், அது எங்கே, எந்த வகையில் இருக்கிறது? ஒன்று உடைந்ததைப் பார்த்துவிட்டு, உடையாத மற்றொன்றைப் பற்றி அறிந்ததாகச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய தத்துவத்தில் வழக்கமான எடுத்துக்காட்டு கண்ணாடியின் நொறுங்குதன்மை. கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியிட்ட 'மனம் பற்றிய கருத்து' நூலில் ஒரு விடை இருக்கிறது. கண்ணாடி நொறுங்கக்கூடியது என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் எதையும் குறிப்பதில்லை. அடிபட்டால் அது சிதறும் என்ற நிபந்தனைக் கூற்றின் சுருக்கமே அது. மறைந்திருக்கும் ஆற்றல்களை ஒரே வீச்சில் துடைத்துவிடும் விடை இது. 1992-இல் மார்க் ஜான்ஸ்டன் இதற்கு எதிராகச் சொன்ன எடுத்துக்காட்டு பெட்டி செய்பவர்களுக்கு நன்றாகவே புரியும். கண்ணாடிக் கோப்பை ஒன்றைச் சுற்றியும் உள்ளேயும் பொதிபொருளை அடைத்து வைத்தால் அது அடிபட்டாலும் உடையாது. நிபந்தனைக் கூற்று பொய்த்துவிட்டது. ஆனால் கோப்பை முன்பைவிட உறுதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நொறுங்குதன்மை அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு மறைப்பு போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தத்துவ நூல்களில் இதற்குப் பின் நீண்ட விவாதம் நடந்தது. பெட்டிகளை அங்கே யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் வியப்பு. எடுத்துக்காட்டின் முழு பாரத்தையும் சுமந்தது பொதிபொருள்தானே.

இந்திய மரபில் இதே விவாதம் நெருப்பை வைத்து நடந்தது. நெருப்பு சுடும். ஆனால் அதன் அருகில் ஒரு குறிப்பிட்ட மணிக்கல்லை வைத்தாலோ, மந்திரம் ஓதினாலோ சுடாது என்பது அந்தக் காலத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டு. மீமாம்சகர் சொன்னார்: நெருப்பின் கண்ணுக்குத் தெரியும் இயல்புகள் எதுவும் மாறவில்லை, ஆனாலும் அது சுடவில்லை, ஆகவே கண்ணுக்குத் தெரியாத 'சக்தி' என்ற தனிப்பொருள் ஒன்று உண்டு, மணி தடுப்பது அதைத்தான். நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. தடை இல்லாமையும் காரணங்களில் ஒன்று. நெருப்பு, விறகு, தடையின்மை மூன்றும் சேர்ந்தால் எரியும், ஒன்று குறைந்தால் எரியாது. தனியாகச் சக்தி என்று ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை என்றனர். உதயணர் 'நியாய குசுமாஞ்சலி'யில் இதை விரிவாக வாதிட்டார். பின்வந்தவர்கள் இன்னொரு சிக்கலையும் சேர்த்தார்கள். தடுக்கும் மணியின் வேலையைக் குலைக்கும் இரண்டாவது மணி ஒன்று அருகில் இருந்தால் நெருப்பு மறுபடி சுடும். அப்போது காரணம் வெறும் தடையின்மை அல்ல, குலைப்பான் இல்லாத தடையின் இன்மை.

தேனடைப் பெட்டிக்குள் மூன்றும் இருக்கின்றன. கருவி உடையக்கூடியது, அடை அந்த உடைவுக்குத் தடை, ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிப்போன மூலையில் விழும் இரண்டாவது அடி அந்தத் தடையைக் குலைப்பது. பொறியாளர்கள் இங்கே, அறிந்தோ அறியாமலோ, நியாய மரபினரின் பக்கமே நிற்கிறார்கள். 'இந்தப் பெட்டி பாதுகாப்பானது' என்று எந்தச் சோதனை அறிக்கையும் எழுதுவதில்லை. இத்தனை எடையுள்ள கருவி, இந்த உயரம், இந்தத் திசை, முன்பு அடிபடாத அடை என்று காரணங்களின் தொகுப்பையே எழுதுகிறது. ஆனால் மீமாம்சகரை அவ்வளவு எளிதில் ஒதுக்கவும் முடியாது. 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் கால்களுக்குள் நசுங்குவதற்கென்றே அலுமினியத் தேனடை வைக்கப்பட்டிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் அவ்வளவு மென்மையாக இறக்கியதால் அது அநேகமாக நசுங்கவே இல்லை. கால்கள் குறுகாததால் ஏணியின் கடைசிப் படி எதிர்பார்த்ததைவிட உயரத்தில் நின்றது. 1971-இல் அப்பல்லோ 15 நொடிக்கு 2 மீட்டருக்கும் சற்றே கூடுதலான வேகத்தில் அழுத்தமாகவே இறங்கியது. அப்பல்லோ 11-இன் அடைக்கும் தாங்கும் திறன் இருந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருபோதும் வேலை செய்யாத, இனி வேலை செய்யவும் போகாத ஒன்றைப் பற்றி 'இருந்தது' என்று சொல்லும்போது, வெறும் நிபந்தனையைத் தாண்டிய ஏதோ ஒன்று பேசப்படுகிறது. அந்தத் தாளின் தடிமன், உலோகக் கலவை, அறையின் அகலம் ஆகியவைதான் அது என்பது இன்றைய விடை. சக்தி என்ற தனிப்பொருள் போய், அமைப்பு என்ற பொருள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினம். காட்சி ஒன்றே அறிவுக்கான அளவை, கருதல் எனப்படும் அனுமானம் செல்லாது என்று சொன்ன உலகாயதர்களின் குரலைத் தமிழில் மணிமேகலைக் காப்பியத்தின் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யில் பூதவாதி வழியாகக் கேட்கலாம். சோதனைக் கூடத்தில் அவர் நின்றிருந்தால் கேட்டிருக்கக்கூடியது இதுதான்: உடைந்த ஐந்து பெட்டிகளைக் கண்டீர்கள், சரி, அடுத்ததைக் கண்டீர்களா? மணிமேகலை அவருக்குக் கொடுக்கும் பதில் கூர்மையானது. தன் தாய் தந்தையர் யார் என்பதையே அனுமானத்தால் அல்லாமல் ஒருவர் எப்படி அறிய முடியும் என்கிறாள். இந்தப் பதில் பூதவாதியின் வாழ்வுக்குள்ளேயே அனுமானம் புகுந்திருப்பதைக் காட்டுகிறது. எந்த அனுமானம் நல்லது என்று சொல்வதில்லை. ஐரோப்பாவில் 1739-இலும் 1748-இலும் டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. கண்டவை காணாதவற்றை ஒத்திருக்கும் என்பதற்குக் கண்டவற்றிலிருந்து சான்று தர முடியாது. அப்படித் தந்தால் நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொண்டதாகிவிடும்.

நியாய மரபு இதை இரண்டு வழிகளில் அணுகியது. ஒன்று சாமானிய லட்சணம்: ஒரு புகையைக் காணும்போது புகைத்தன்மையும் காணப்படுகிறது, அதன் வழியே எல்லாப் புகைகளும் ஒரு வகையில் அறிவுக்கு வந்துவிடுகின்றன. மற்றது உபாதி, அதாவது மறைந்திருக்கும் நிபந்தனை, பற்றிய எச்சரிக்கை. நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று அனுமானிக்க முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு என்ற நிபந்தனை உள்ளே ஒளிந்திருந்தது. அதைக் காணாமல் போட்ட பொதுவிதி உடைந்துவிடுகிறது.

பெட்டிச் சோதனையின் வரலாறு பெரும்பகுதியும் உபாதிகளைத் தேடிய வரலாறே. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 என்ற தரவரையறையின்படி, எடுத்துச் செல்லும் சாதனங்களை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். அந்த 26 தற்செயலான எண் அல்ல. ஒரு பெட்டிக்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8; ஒவ்வொன்றுக்கும் ஒரு வீழ்ச்சி. தேனடைக்கு இது வெறும் சடங்காக முடிவதில்லை. அறைகளின் நீளவாக்கில் வரும் அடிக்கு அது காட்டும் சீரான எதிர்ப்பைச் சாய்வாக வரும் அடிக்குக் காட்டாது. அறைகள் மடியாமல் பக்கவாட்டில் சரிந்துவிடும். 'நேராக விழுந்தால்' என்பதே ஓர் உபாதி. குளிரும் வெயிலும் அடுத்தது. அலுமினியம் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஆனால் தகட்டையும் அடையையும் பிணைக்கும் பசை பொருட்படுத்தும். ஈரம் உள்ளே புகுந்தால் அரிப்பு தொடங்கும்; வெளித்தகடு கார்பன் இழையால் ஆனதாக இருந்தால் இன்னும் வேகமாக.

அதே தரவரையறை அந்த 26 வீழ்ச்சிகளையும் ஐந்து மாதிரிகள் வரை பிரித்துக்கொள்ள அனுமதிக்கிறது. எந்த ஒரு பெட்டியும் 26-ஐயும் தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து பெட்டிகள் சேர்ந்து தாங்கினால் போதும். அப்படியானால் தேர்ச்சி பெற்றது எது? கையில் எடுத்துக் காட்டக்கூடிய பெட்டி எதுவும் அல்ல. தேர்ச்சி பெற்றது பெட்டியின் வகை. சாமானியம் என்ற பொதுத்தன்மை உண்மையில் உள்ளதா, வெறும் பெயரா என்ற விவாதத்தில் பௌத்தர்கள் பெயர் என்றார்கள், நியாய மரபினர் உள்ளது என்றார்கள். தர ஆய்வாளரின் முத்திரை விழுவது அந்தச் சாமானியத்தின் மேல்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. புகைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயற்கையின் செயல். பெட்டிகள் ஒத்திருப்பது மனிதர்களின் செயல். ஒரே சுருளிலிருந்து வெட்டிய தாள், ஒரே கலவைப் பசை, அடுப்பில் ஒரே வெப்பம், ஒரே நேரம், இவற்றைக் குறித்துவைத்த பதிவேடு ஆகியவற்றின் கூட்டுதான் அந்த ஒப்புமை. ஹியூமின் ஐயம் இயற்கையின் சீர்மையைப் பற்றியது. பட்டறையின் சீர்மை பற்றிய ஐயத்துக்கு விடை தேட பதிவேட்டைத் திறக்க வேண்டும். ஒரு வகையில் இது எளிது, ஏனென்றால் இங்கே சீர்மை எப்படி வந்தது என்று தெரியும். இன்னொரு வகையில் இது கடினம். இயற்கை பதிவேட்டில் பொய் எழுதுவதில்லை. பசை காய வேண்டிய நேரத்தை ஒரு தொழிலாளி அவசரத்தில் குறைத்துவிட்டு முழு நேரமும் வைத்ததாக எழுதினால், ஐந்து மாதிரிகளின் சாட்சியமும் அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. அனுமானத்தின் செல்லுபடி ஒருவரின் நேர்மையில் தொங்குகிறது. அளவை நூல்கள் நம்பத்தக்கவர் சொல்லைத் தனி அளவையாகவே வைத்தன; தொழிற்கூடத்தில் அது கருதலுக்குள்ளேயே புகுந்து கலந்துவிட்டது.

ஒப்புமையை உருவாக்க முடியாத இடங்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்காக நிலவின் மண்ணைப் போன்ற பொடியை, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் பாறையிலிருந்து தயாரித்தார்கள். நிலவின் மேட்டு நிலங்களிலும் அனார்த்தசைட் உண்டு என்பதே காரணம். தாதுக்கள் ஒத்துப்போகும், துகளின் அளவையும் அரைத்து ஒத்துப்போக வைக்கலாம். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பையும் காற்றின்மையையும் பாறையிலிருந்து அரைத்தெடுக்க முடியாது. எந்த ஒப்புமை இந்தச் சோதனைக்குப் பொருட்டு, எது பொருட்டல்ல என்று முடிவு செய்யும் தீர்ப்பு சோதனைக்கு முந்தியே நடந்துவிடுகிறது. சோதனையால் அதைச் சரிபார்க்க முடியாது.

எண்ணிக்கை இந்த இடைவெளியை அடைக்குமா? ஓரளவுக்கு. ஒரு தோல்விகூட இல்லாமல் 29 மாதிரிகள் தேறினால், அந்த வகையில் குறைந்தது 90 விழுக்காடு தேறும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 90-க்குப் பதில் 99 வேண்டுமென்றால் 299 மாதிரிகள் வேண்டும். தனிப்பட்ட ஒரு தொலைநோக்கிக்கோ விண்கலக் கருவிக்கோ செய்யப்படும் பெட்டிகள் இரண்டோ மூன்றோதான். 299-ஐ உடைத்துவிட்டு இரண்டை அனுப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. மேலும் அந்தக் கணக்கே மாதிரிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

ஏழாம் நூற்றாண்டு பௌத்தத் தருக்க ஆசிரியர் தர்மகீர்த்தி எண்ணிக்கையை நம்பவில்லை. சேர்ந்து இருப்பதைப் பலமுறை கண்டது பொதுவிதிக்குப் போதாது. காரண காரிய உறவோ, ஒன்றின் இயல்பே மற்றதாக இருக்கும் உறவோ இருக்க வேண்டும் என்றார். இன்றைய வடிவமைப்பாளர்களும் அவர் வழியில்தான் நடக்கிறார்கள். அறைச் சுவர் ஏன் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒரு மடிப்பாக மடிகிறது என்று 1963-இல் மெக்ஃபார்லண்டும் 1983-இல் வியர்ஸ்பிக்கியும் ஆராய்ந்தார்கள். தாளின் தடிமன், அறையின் அகலம், உலோகம் வளைந்துகொடுக்கும் விசை ஆகியவை தெரிந்தால் நசுங்கும் விசையைக் கணக்கிட முடியும் என்று அவர்களின் ஆய்வு காட்டியது. இந்தக் கணக்கு கையில் இருக்கும்போது மூன்று மாதிரிகள் உடைவது, கணக்கு இல்லாமல் முப்பது உடைவதைவிட அதிகம் சொல்லும். சோதனையின் வேலை அப்போது மாறிவிடுகிறது: பொதுவிதியைத் திரட்டுவது அல்ல, ஏற்கெனவே புரிந்ததாக நினைத்ததைப் பொய்யாக்கும் வாய்ப்புக் கொடுப்பது. கார்ல் பாப்பர் 1934-இல் அறிவியலுக்கே இதைப் பொது இலக்கணமாக வைத்தார். ஆனால் அவரை முழுதாகப் பின்பற்றினால் பெட்டியை ஒருநாளும் அனுப்ப முடியாது. இன்னும் பொய்யாகாத கருத்து என்பது விலைமதிப்பான கருவியை ஒப்படைக்கப் போதுமான காரணமா என்ற கேள்விக்கு அவர் தந்த விடைகள் பலரை நிறைவு செய்யவில்லை.

சோதிப்பதைச் சோதிப்பது யார் என்ற கேள்வியும் தேனடையிலேயே வந்து நிற்கிறது. விமானப் பதிவுப் பெட்டியின் நினைவகப் பகுதி 3,400 ஜி அதிர்ச்சியைத் தாங்குமா என்று பார்க்க அதைக் காற்றழுத்தக் குழாயிலிருந்து அலுமினியத் தேனடை இலக்கின் மீது எய்கிறார்கள். கார் மோதல் சோதனையில் இன்னொரு வாகனத்தின் முகப்புக்குப் பதிலாக வரும் தடுப்பும் தேனடைதான். எவ்வளவு விசையில் நசுங்கும் என்று தெரியும் என்பதால் அது அளவுகோலாகிறது. அந்தத் தெரிதல் எங்கிருந்து வந்தது? அதே வகை அடையை முன்பு நசுக்கியதிலிருந்து. அதை அளந்த விசைமானியை இன்னொரு மானியோடு ஒப்பிட்டதிலிருந்து. நியாய மரபினர் அறிவின் உண்மை வெளியிலிருந்து, முக்கியமாகச் செயல் கைகூடுவதிலிருந்து, உறுதிப்பட வேண்டும் என்றனர். அப்படியானால் அந்த உறுதிக்கும் இன்னோர் உறுதி வேண்டும், முடிவே இருக்காது என்றார் மீமாம்சகரான குமாரிலர். எந்த அறிவும் தானாகவே உண்மையென ஏற்கப்படுகிறது. அதைத் தள்ளும் காரணம் வரும்வரை அது நிற்கும் என்பது அவருடைய நிலை. அளவீட்டுக் கூடங்கள் பேச்சில் நியாய மரபையும் நடைமுறையில் மீமாம்சத்தையும் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு மானிக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ்களின் சங்கிலி தேசியத் தரக் கூடத்தில் முடிந்ததும் நின்றுவிடுவார்கள்.

ஐயத்தை எங்கே நிறுத்தலாம் என்பதற்கு உதயணர் ஓர் அளவு வைத்தார்: ஐயுறுபவரின் சொந்தச் செயலோடு முரணாகும் இடத்தில். நெருப்பால் புகை வருமா என்று ஐயுறுபவர் புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இதைத் திருப்பிப் போட்டார்: முரண் இருக்கிறதென்றால் ஐயமும் இருக்கிறது, ஏனென்றால் ஐயமில்லாமல் அந்த முரணே வராது. பெட்டி விஷயத்தில் ஸ்ரீஹர்ஷருக்கே கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. பெட்டியை நம்பி அனுப்புபவர்கள் அதே பெட்டியின் உள்ளே ஓர் அதிர்ச்சிப் பதிவுமானியையும் ஒட்டி வைக்கிறார்கள், காப்பீடும் எடுக்கிறார்கள். செயல் நம்பிக்கையை மட்டுமே காட்டுவதில்லை.

வழியில் ஒருமுறை விழுந்து, கருவியைக் காத்துக் கொடுத்த பெட்டியின் நிலை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. அதைப் பற்றி மட்டும்தான் அனுமானம் இன்றி நேரடிச் சான்று உண்டு. இந்தப் பெட்டியே, இந்த வீழ்ச்சியிலேயே, தாங்கியது. ஆனால் அந்தச் சான்றே அதன் தகுதியைத் தின்றுவிட்டது. வெளித்தகடு பழுதில்லாமல் இருக்க, உள்ளே அடை எவ்வளவு மடிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் தட்டிப் பார்த்தால், பசை விட்ட இடத்தில் ஓசை மழுங்கும். மீயொலிச் சோதனை அந்த இடத்தின் எல்லையைக் காட்டும். இரண்டுமே எங்கே பிரிந்திருக்கிறது என்று சொல்லும். இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. அதை அறிய அடையை வெளியே எடுத்து நசுக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் அந்த அடையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். புதியது எப்படிப்பட்டது என்பதற்கு அதே தொகுதியில் உடைத்துப் பார்த்த மாதிரிகளின் அறிக்கைதான் துணை.